கல்யாணத்துக்கு முன்னால் தழும்புக்கு டாட்டூ போட்டுக்கொள்ளலாமா?

இந்த முறை எடுத்துக்கொண்ட கடிதம் தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தது. எழுதியவருக்கு 27 வயது, தனியார் பள்ளி ஆசிரியை. பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அடையாளம் காட்டக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். ஒன்பது வயதில், அம்மா அடுப்படியில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தபோது பானை சரிந்து, இடது பக்கக் கழுத்திலும் இடது கையிலும் கொதிகஞ்சி கொட்டிவிட்டது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். கைக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இன்று கையில் ஒட்டிய தோல் சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்து, வலை பதிந்த மாதிரி அச்சோடு இருக்கிறது. கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த இடம் ஒன்று. தாடைக்குக் கீழே கயிறு மாதிரித் தடித்த ஒரு மேடு, அது இன்னும் அரிக்கிறது.

வருகிற தையில் கல்யாணம், மூன்று மாதம்கூட முழுசாக இல்லை. பக்கத்து நகரத்து ஸ்டுடியோ ஒன்றில் ‘பாராமெடிக்கல் டாட்டூ’ என்று சொல்லி, தோல் நிறத்திலேயே மை ஏற்றி மூன்று இடத்தையும் இரண்டே தடவையில் மறைத்துவிடலாம், மொத்தம் 45,000 ரூபாய், மரத்துப்போக ஊசி போட்டுவிடுவோம், பிடிக்காவிட்டால் லேசரில் அழித்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார்கள். 10,000 ரூபாய் முன்பணம் ஜிபேயில் போய்விட்டது, ரசீது இல்லை. தோல் நிறம் நிஜமாகவே பொருந்துமா, பொருந்தாவிட்டால் அழிக்க முடியுமா, தொடையில் இருக்கும் தழும்பை மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: “பதினெட்டு வருஷமா அம்மா என் இடது பக்கம் உட்காரவே மாட்டாங்க டாக்டர். இது மறைஞ்சா அவங்களுக்கும் நல்லதுன்னு நினைக்கிறேன்.”

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணம். கல்யாணத்துக்கு முன்னால் இந்த டாட்டூ வேண்டாம். கல்யாணத்துக்குப் பிறகும் நீங்கள் சொன்ன மூன்று இடங்களில் இரண்டில் மை ஏற்றவே கூடாது. மூன்றாவது இடமான கழுத்து வெளுப்புக்கு மட்டும், ஒரு சோதனை பார்த்த பிறகு, யோசிக்கலாம்.

இந்தச் சிகிச்சையே மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். தோல் ஒட்டிய இடத்தின் நிறத்தைச் சுற்றுப்புறத்தோடு பொருத்த நிறமி ஏற்றுவதைப் பற்றி அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் 1944லேயே எழுதியிருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்காக மார்பை எடுத்து, திரும்ப உருவாக்கிய பெண்களுக்குக் காம்பையும் அதைச் சுற்றிய கருவட்டத்தையும் மையாலேயே வரைகிறார்கள், ஓர் அடி தள்ளி நின்று பார்த்தால் புடைப்பு இருக்கிற மாதிரியே தெரியும். என்னிடம் வந்த ஒரு அம்மா, அது முடிந்த அன்றுதான் இரண்டு வருடத்துக்குப் பிறகு குளியலறைக் கண்ணாடியில் மாட்டியிருந்த துண்டை எடுத்ததாகச் சொன்னார். தீயில் புருவம் போனவர்களுக்கு முடி முடியாகக் கோடு போட்டுப் புருவம் வரையலாம். பிளவு உதடு தைத்த இடத்தில் உதட்டுக் கோடு விட்டுப்போயிருந்தால் அதை இழுத்துச் சேர்க்கலாம். இவை எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு: நிறம் இல்லாத இடத்தில் நிறம் சேர்க்கிறார்கள். மையால் முடிவது அது ஒன்றுதான். மேட்டைத் தட்டையாக்காது, இறுகிய தோலைத் தளர்த்தாது, கறுப்பை வெளுப்பாக்காது.

கறுத்த கைக்கு மை ஏன் உதவாது

உங்கள் பாட்டி காலத்துப் பெண்கள் கையில் பச்சை குத்தியிருப்பார்களே, பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் கரி, சுத்தக் கறுப்பு. ஆனாலும் கையில் அது நீலமும் பச்சையுமாகத்தான் தெரிகிறது, நாமும் அதைப் பச்சை என்றே சொல்கிறோம். காரணம், மை தோலின் மேற்பரப்பில் இல்லை. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே, உள்தோலில் இருக்கிறது. நாம் அதை மேல்தோல் வழியாகத்தான் பார்க்கிறோம், கலங்கல் கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி. நம் உடம்பின் கறுப்பு நிறமியான மெலனின் இருப்பது அந்த மேல்தோலில். ஆக, கறுத்த இடத்தில் வெளிர் நிற மையை ஏற்றினால் மை கீழே, கறுப்பு மேலே. ஒன்றும் தெரியாது, அல்லது சாம்பல் பூத்த மாதிரித் தெரியும். போதாததற்கு, நம் ஊர்த் தோல் ஊசிக் காயம் பட்டாலே இன்னும் கறுக்கிற சுபாவம் உள்ளது, அந்தக் கறுப்பு இறங்க மாதக்கணக்காகும். ஒட்டிய தோல் கறுத்திருக்கும்போது அதன்மேல் மை ஏற்ற ஒத்துக்கொள்கிறவர், தோலைப் படித்தவர் இல்லை என்பது என் கருத்து.

கழுத்து வெளுப்பு வேறு கதை. அங்கே மேல்தோலில் நிறமி செல்கள் வெந்துபோயிருக்கின்றன, கண்ணாடி காலியாக இருக்கிறது, கீழே ஏற்றும் நிறம் தெரியும். தட்டையாக, பதினெட்டு வருடமாக மாறாமல் இருக்கிறது. தழும்பு முதிர ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை காத்திருக்க வேண்டும், உங்களுக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. சந்தேகமிருந்தால் ஸ்கூலில் வைத்திருக்கும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஸ்கேலை அந்த இடத்தில் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது வெளுத்து, எடுத்ததும் ரோஸ் நிறம் திரும்பி வந்தால் உள்ளே ரத்தக் குழாய்கள் இன்னும் அடங்கவில்லை, தழும்பு வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எந்த மாற்றமும் இல்லையென்றால் அடங்கிவிட்டது.

ஆனால் ‘பொருந்துமா’ என்ற உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில், ஒரு பருவத்துக்குப் பொருந்தும் என்பதுதான். ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகிறீர்கள். சித்திரை வெயிலில் உங்கள் கழுத்து கறுக்கும், மார்கழியில் கொஞ்சம் தெளியும். மை கறுக்கவும் செய்யாது, தெளியவும் செய்யாது. எந்த மாத நிறத்துக்குக் கலந்தார்களோ அதே நிறத்தில் நிற்கும், சுற்றியுள்ள தோல் அதைவிட்டு நகர்ந்து போய்விடும். அதனால் டாட்டூ போட்டபின் அந்த இடத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் சன்ஸ்கிரீன் தினசரி வேலை. சில வருடங்களில் மையும் மங்கும், சிலருக்கு மஞ்சள் முதலில் போய்ச் சிவப்பு மட்டும் தங்கும், திரும்பக் குத்த வேண்டிவரும். தழும்புத் திசு எல்லா இடத்திலும் ஒரே அளவு மை குடிக்காது என்பதால் முதல் தடவை திட்டுத் திட்டாக வருவது சகஜம். ‘இரண்டே தடவை’ என்று முன்கூட்டியே யாராலும் உறுதி சொல்ல முடியாது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள்

கடிதத்தின் நடுவில் ‘காது குத்தினதுல ஒரு பக்கம் சுண்டைக்காய் அளவு கட்டி வந்து, அப்படியே விட்டுட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். என் கண் நின்றது அங்கேதான். காதில் குத்திய சின்ன ஓட்டை அந்த அளவுக்குத் தடித்து வளர்கிறது என்றால் அது பெரும்பாலும் கெலாய்டு, காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தழும்பு. தாடைக்குக் கீழே பதினெட்டு வருடம் கழித்தும் அரித்துக்கொண்டிருக்கும் கயிறும் அதே வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தோல் கறுத்தவர்களிடம் இது கூடுதல், குடும்பத்தில் ஓடும், காது மடல், தாடை ஓரம், தோள், நெஞ்சு ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். உங்கள் அம்மாவுக்கோ தம்பிக்கோ தோளில் தடுப்பூசி போட்ட இடம், தையல் போட்ட இடம் இப்படித் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். டாட்டூ என்பது ஒரு சதுர அங்குலத்தில் ஆயிரக்கணக்கான ஊசிக் குத்து. டாட்டூவில் கெலாய்டு வருவது பொதுவாக அபூர்வம்தான், ஆனால் ஏற்கெனவே அந்த உடம்புவாகு உள்ளவரிடம், அதுவும் தாடைக்குப் பக்கத்திலேயே, அந்த அபூர்வத்தை நம்பி நான் ஊசி எடுக்கமாட்டேன். அந்தக் கயிற்றின்மேல் மை ஏற்றுகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த மேட்டுக்கு வைத்தியம் இருக்கிறது. டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைச் சுமார் நான்கு வார இடைவெளியில் தழும்புக்குள்ளேயே போடுவோம். வலிக்கும், சொல்லிவிடுகிறேன். ஆனால் பலருக்கு முதல் ஒன்றிரண்டு ஊசியிலேயே அரிப்பு குறையும், பிறகு மேடு மெல்ல அமரும். கூடவே தழும்பின்மேல் ஒட்டிவைக்கும் சிலிக்கான் ஷீட். தைக்குள் இரண்டு ஊசி போட நேரம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் உருப்படியாகச் செய்யக்கூடியது இதுதான்.

இன்னொரு வரி, ‘கைய முழுசா நீட்டினா முழங்கை மடிப்புல இழுக்கும், பழகிடுச்சு’. பழகியிருக்கும். ஆனால் அது நிறப் பிரச்சினை இல்லை, தோல் சுருக்கம். ஒன்பது வயதில் ஒட்டிய தோல், நீங்கள் வளர்ந்த வேகத்துக்கு வளரவில்லை. சுருங்கிய பட்டையை வெட்டித் திசை மாற்றித் தைப்பது பிளாஸ்டிக் சர்ஜரியில் வழக்கமான வேலை. மதுரை ராஜாஜி மருத்துவமனை, சென்னை கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான துறை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய் விசாரியுங்கள். 45,000 ரூபாய் கொடுத்து அந்தப் பட்டையின்மேல் நிறம் பூசிக்கொண்டு, கை நீளாமலே இருப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை.

லேசரில் அழிக்கலாம் என்பது

இதைத்தான் ரொம்ப அழுத்திச் சொல்ல வேண்டும். சாதாரணக் கறுப்பு டாட்டூவை லேசரில் பெருமளவு நீக்கலாம், அது உண்மை. தோல் நிற மை அப்படி இல்லை. அந்த நிறம் வருவதற்கு டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளையையும் இரும்பு ஆக்சைடின் சிவப்பு, மஞ்சளையும் கலக்கிறார்கள். லேசர் பட்டதும் இவை வேதி மாற்றம் அடைந்து அந்த நிமிடமே சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறிவிடக்கூடும். வெளுத்த இடத்தில் தோல் நிறம் போட்டு, அது பிடிக்காமல் அழிக்கப்போய், கழுத்தில் கறுத்த திட்டோடு நிற்கிற நிலை வரும். அதை எடுக்க மேலும் எத்தனையோ தடவை லேசர், ஒவ்வொன்றும் ஒரு காயம். உங்கள் உடம்புவாகுக்கு அது தாங்காது.

‘பாராமெடிக்கல்’ என்ற சொல்லைப் பார்த்து அரசாங்கம் அங்கீகரித்த படிப்பு என்று நம்பியதாக எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் லேப் டெக்னீஷியன், பிசியோதெரபி மாதிரிப் படிப்புகளைத்தான் அப்படிச் சொல்வோம், நீங்கள் நினைத்ததில் தப்பே இல்லை. அந்தத் தொழில்களையெல்லாம் வரிசைப்படுத்திய 2021ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் பட்டியலில் டாட்டூ கிடையாது. இங்கே அது ஒரு வேலையின் பெயர் மட்டும். இரண்டு வாரப் பயிற்சி முடித்தவரும் போர்டு வைக்கலாம், இருபது வருடம் சர்ஜன்களோடு சேர்ந்து வேலை செய்தவரும் வைக்கலாம். அவர்கள் சொன்ன ‘மரத்துப்போகும் ஊசி’யைப் பதிவு பெற்ற டாக்டர்தான் போட வேண்டும். களிம்பு தடவுகிறார்கள் என்றாலும், அளவு தெரியாமல் அகலமாகத் தடவி மூடிவைத்தால் மருந்து ரத்தத்தில் ஏறி வலிப்பு வரை போகலாம்.

கிருமி விஷயமும் உண்டு. ஊசி புதுசா என்று எல்லாரும் கேட்கிறார்கள், மையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 2011 கடைசியில் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் டாட்டூ போட்டுக்கொண்ட 19 பேருக்குத் தோலில் பிடிவாதமான கொப்புளங்கள் வந்தன. தேடிப் பார்த்தால், காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கிருமி மை பாட்டிலுக்குள்ளேயே இருந்தது, கடைக்கு வருவதற்கு முன்பே. அப்படியிருக்க, உங்கள் நிறத்துக்குக் கலக்குகிறேன் என்று பைப் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கல்யாணம் முடிந்து, கழுத்துக்கு மட்டும் யோசிப்பதானால்

முதலில் தோல் டாக்டரோ பிளாஸ்டிக் சர்ஜனோ பார்த்து, தாடை மேடு அடங்கிவிட்டது என்று சொல்ல வேண்டும். அப்புறம் தலைமுடி மறைக்கிற பக்கமாகத் துவரம்பருப்பு அளவுக்கு ஒரே ஒரு இடத்தில் மை ஏற்றச் சொல்லுங்கள், மாதக்கணக்கில் விட்டுப் பாருங்கள். ஆறு வாரத்தில் நிறம் தெரிந்துவிடும், ஆனால் கெலாய்டு மெதுவாக வரும், உங்கள் விஷயத்தில் ஆறு மாதமாவது பொறுங்கள். அந்த இடைவெளியில் கர்ப்பமானால் பிரசவமும் பால் கொடுப்பதும் முடியும்வரை தள்ளிப்போடுங்கள். போட்டுக்கொண்டால் ஒரு வருடம் ரத்த தானம் செய்ய முடியாது, எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுத்தால் டாட்டூ இருப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், இரும்பு கலந்த மை சிலருக்குச் சூடாகும்.

செய்கிறவரிடம் வேறு பேருக்கு முன்பு செய்த வேலையின் படம் கேளுங்கள். அன்றே எடுத்த படம் இல்லை, ஒரு வருடம் கழித்து எடுத்தது, அதுவும் நம் நிறத்துத் தோலில். வெளிநாட்டு வெள்ளைத் தோல் படங்களைக் காட்டினால் அது உங்களுக்குப் பயன்படாது.

நிறமி செல்களையே நல்ல தோலிலிருந்து எடுத்து வெளுத்த இடத்தில் வைக்கும் சிகிச்சையும் உண்டு. பிடித்துக்கொண்டால் வெயிலுக்குக் கறுக்கவும் செய்யும், உயிருள்ள நிறம் அது. ஆனால் அதற்கும் மேல்தோலைச் சுரண்ட வேண்டும், கெலாய்டு கவலை அங்கேயும் அப்படியே இருக்கிறது. நேரில் பார்க்கிற டாக்டர்தான் முடிவு சொல்ல முடியும்.

பணம். இன்றே ஸ்டுடியோவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: இன்ன தேதியில் 10,000 ரூபாய் அனுப்பினேன், மருத்துவக் காரணத்தால் செய்துகொள்ளவில்லை, திருப்பித் தாருங்கள். போனில் பேச வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும். ரசீது இல்லாவிட்டாலும் ஜிபே பதிவும் அவர்கள் கொடுத்த வாக்குறுதிகளின் மெசேஜும் சாட்சிதான். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். முழுப் பணமும் கிடைத்துவிடும் என்று உறுதி சொல்ல மாட்டேன், கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கட்டிவிட்டோமே என்பதற்காக மட்டும் போய் உட்கார்ந்துவிடாதீர்கள்.

மாப்பிள்ளை விஷயத்தில் நான் டாக்டராக மட்டும் பேசுகிறேன். கழுத்தையும் கையையும் பார்த்துத்தான் அவர் சம்மதித்திருக்கிறார். தொடைத் தழும்பு அந்தக் கைக்குக் கொடுத்த தோலின் தடம், தனி நோய் இல்லை, பிள்ளைகளுக்குப் போகாது, பிள்ளை பெறுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய செய்தி இல்லை அது. அவரிடம் ஒரு போன் பேச்சில் நீங்களே சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன், கல்யாணம் முடிந்த அன்றைக்குப் போய் ஒரு விளக்கம் சொல்லும் பதற்றம் உங்களுக்கு இருக்காது.

கல்யாண நாளுக்கு மேக்கப் போதும். தழும்புக்கென்று அடர்த்தியான, வியர்வைக்குக் கலையாத கன்சீலர்கள் கிடைக்கின்றன. கறுத்த இடத்துக்கு ஆரஞ்சு கரெக்டர் அடியில் போட்டு மேலே உங்கள் நிறம், கழுத்து வெளுப்புக்கு மஞ்சள் கலந்த பழுப்பு. இரண்டு வாரம் முன்பே ஒரு நாள் போட்டுப் பார்த்து, அரிப்பு வருகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். தாடை மேட்டைத் தேய்க்கக் கூடாது, அதன்மேல் அட்டிகை உரசக் கூடாது, கட்டுகிறவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். ஒட்டிய தோலில் எண்ணெய்ச் சுரப்பி வேலை செய்யாது, அதனால் வறளும். அன்றன்றைக்குத் தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவிக்கொண்டே இருங்கள்.

இந்த வாரமே ஒரு நாள் லீவு போட்டு ஓ.பி.க்குப் போங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். எத்தனை நாளில் புண் ஆறியது, எந்தத் தொடையில் தோல் எடுத்தார்கள், தாடையில் அந்தத் தடிப்பு எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்பார். ஒன்பது வயதில் நடந்தது உங்களுக்கு அவ்வளவாக நினைவிருக்காது. அம்மாவுக்கு ஒரு நாள்கூட மறந்திருக்காது.